தவிட்டுக்கு வாங்கிய வெள்ளை மைனா

நான் தவிட்டுக்கு வாங்கப்பட்ட பிள்ளை. எனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் எதுவும் தங்காததால், நான் பிறந்ததும் என் அம்மா என்னை எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். எதிர்வீட்டுக்காரி என்னை முறைப்படி வாங்கிக்கொண்டு, "இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு" என்று சொல்லி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாளாம். தேடி வருகிற எமன், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. ஏமாந்துதான் போயிருக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய பிறகும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனே! அதனால் அந்த வழக்கத்தை யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அதே வழக்கத்தை நம்பித்தான் நான் ஒரு பறவையைப் பறிகொடுத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, கப்பலேறி கோலாலம்பூர் வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ். வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். என் வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் கார்டு. கோலாலம்பூருக்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் நடுவே போய்வருவது அவர் வேலை. காலையில் கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினால், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. அவள் வீட்டுக்காரர் இன்ஜின் டிரைவர். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அக்கா பேசுவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், பிள்ளை இல்லாதவள், அதற்காக யாராவது 'உச்' கொட்டினால் எரிந்து விழுபவள். நல்ல மனுஷிதான். ஆனால் அவளிடம் ஒரு குறை, பேசுவாளே தவிரக் கேட்க மாட்டாள். எனக்கோ பேசாவிட்டால் சோறு இறங்காது. ஊரில் ஒரு தெருவுக்குப் பேசியவள் நான். இங்கே சுவரையும் சட்டியையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் என் வீட்டுக்காரர் கையில் ஒரு மூங்கில் கூண்டோடு வந்தார். துறைமுகத்தில் ஒரு பாய்மரக் கப்பலின் மாலுமி குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாராம். இவர் அவரைத் தூக்கி ரயிலின் கடைசிப் பெட்டியில் தம் பக்கத்தில் படுக்கவைத்து, கிள்ளானில் இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். உடம்பு தேறியதும் அந்த மனிதர் நன்றிக்காகக் கொடுத்தது இது. கப்பலில் விற்பதற்காகக் கொண்டுவந்த பறவைகளில் மிச்சமிருந்த ஒன்று.

"ஜாலாக் பூத்தேன்னு சொன்னாரு. வெள்ளை மைனா" என்றார்.

மைனா வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க வெள்ளை. சோற்றுக் கஞ்சி போட்டு வெளுத்த வேட்டியின் வெள்ளை. இறக்கை நுனியிலும் வால் நுனியிலும் மட்டும் கறுப்பு. கண்ணைச் சுற்றி நீலம், யாரோ மை தீட்டும்போது நீல மையை எடுத்துவிட்டாற்போல. தலையில் நீளமான கொண்டை, பின்னால் படிந்து கிடக்கும். அக்கா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரோ உன் புருஷன நல்லா ஏமாத்திட்டான்டி. சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்திருக்கான்" என்று சொல்லி, விரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு கூண்டுக்குள் விட்டு அதன் முதுகைத் தேய்த்தாள். சுண்ணாம்பு வரவில்லை, அக்காவின் விரலிலிருந்துதான் ரத்தம் வந்தது. அன்றைக்கே எனக்கு அந்தப் பறவையைப் பிடித்துவிட்டது.

என் வாழ்க்கையில் நான் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட முதல் ஜீவன் அதுதான். சமையலறை ஜன்னலில் கூண்டை மாட்டிவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவேன். ஊர்க்கதை, மாமியார் கதை, கப்பலில் வாந்தி எடுத்த கதை. நான் நிறுத்தினால் அது கொண்டையை நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிரும். ஒருமுறை இல்லை, நாலைந்துமுறை. குனிந்து கும்பிடுகிற மாதிரியே இருக்கும். அதோடு ஒரு சீழ்க்கையும் வரும். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது அப்படிச் செய்யாது என்று நான் குவாட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வைத்தேன். பப்பாளி கொடுப்பேன், பின்கட்டுப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்துக் கொடுப்பேன். மழைக்காலத்தில் ஈசல் வந்தால் அதற்கு விருந்துதான்.

சில மாதம் போனது. ஒரு நாள் காலையில் கூண்டின் அடியில் இரண்டு இறகு கிடந்தன. மறுநாள் நாலைந்து. பிறகு தினமும் கொத்தாக உதிர ஆரம்பித்தது. கொண்டை போய்விட்டது. கழுத்தில் தோல் தெரிந்தது. சீழ்க்கை நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை பறவைகள் பழைய இறகைக் கழித்துப் புது இறகு போடும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. தெரிந்தவர் யாரும் அந்த வரிசையில் இல்லை. பறவையைப் பார்க்க ஒரு ஊரே வந்து போயிருந்தது. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடியில் நானும் பறவையும் சேர்ந்து இருமியதுதான் மிச்சம்.

பறவை செத்துவிடும் என்றே நினைத்தேன். அது செத்துவிட்டால் மறுபடியும் சட்டியோடு பேச வேண்டும். அதை நினைத்தபோது அழுகையே வந்தது. அந்த அழுகையில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. என்னைப் பிழைக்கவைத்த வழி இதையும் பிழைக்கவைக்காதா?

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் ஊரிலும் இதே வழக்கம் உண்டு. "பறவைக்குப் பண்ணி நான் கேட்டதில்ல. ஆனா உசிருன்னா எல்லாம் உசிருதானே" என்றாள். மாட்டுக்கொட்டகை வைத்திருந்த பால்காரரிடம் போய்த் தவிடு வாங்கி வந்தாள். அரிசி எல்லாம் ரங்கூனிலிருந்து தீட்டி வருகிற ஊரில் தவிடு கிடைப்பதே பெரிய பாடு. வரிசையிலிருந்த பெண்களெல்லாம் வாசலில் கூடினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டை நீட்டினேன். அக்கா முறத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "இனிமே இது என்னுது" என்று எமனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

நான் கையை நீட்டினேன், வளர்த்துக் கொடுக்கச் சொல்லித் திருப்பித் தருவாள் என்று.

"இரு. இப்பவே குடுத்தா கண்ணு போட்டவளுக்கு வெளங்கிடும். எறக்க மொளைக்கட்டும்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

இறகு முளைத்தது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே முளைத்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சீழ்க்கை மறுபடி கேட்ட அன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பளீரென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். "குடுங்கக்கா, தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"இன்னிக்குச் செவ்வாக்கெழம. செவ்வாயில உசிரக் கை மாத்தக் கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை கேட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்றாள். அமாவாசைக்குக் கேட்டேன், பிறை தெரியட்டும் என்றாள். பிறை தெரிந்தது, ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் செய்யலாமா? ஒரு புதன்கிழமை எந்தக் காரணமும் கிடைக்காமல், தனக்குத் தலைவலி என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் தரப் போவதில்லை.

நான் விடவில்லை. வரிசைப் பெண்களைக் கூட்டி நியாயம் கேட்டேன்.

"என்னையும்தான் தவிட்டுக்கு வாங்குனாங்க. எங்கம்மா மடியிலதானே வளந்தேன்?" என்றேன்.

"ஒன்ன வாங்குனவ ஒங்கம்மாகிட்ட வளக்கக் குடுத்தா. அது அவ இஷ்டம். நான் வாங்குனத நானே வளக்கிறேன். இது என் இஷ்டம்" என்றாள் அக்கா.

எல்லாரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கண் முன்னால்தானே தவிட்டை வாங்கினேன்? வழக்கப்படி பறவை அவளுடையதுதான் என்று சொல்லிவிட்டார்கள். நம் வழக்கமே நம் கழுத்தை அறுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்காவோடு பேச்சு இல்லை. அதாவது நேராகப் பேச்சு இல்லை. பலகைச் சுவரைப் பார்த்துத் திட்டுவேன், சுவர் பதில் சொல்லும். "சில பேரு அடுத்தவ பிள்ளைய அமுக்கிக்கிட்டுத் தூங்குறாங்க" என்று நான் இந்தப் பக்கம் சொன்னால், "சில பேரு பிள்ளைய வளக்கத் துப்பில்லாம தவிடு வாங்கித் தின்னுட்டாங்க" என்று அந்தப் பக்கம் கேட்கும். நடுவில் பறவை சீழ்க்கை அடிக்கும். என் வீட்டுக்காரரோ, சமாதானம் பேசப் போகிறேன் என்று தினமும் அந்த வீட்டுக்குப் போய், பறவைக்கு வாழைப்பழம் ஊட்டிவிட்டு, சமாதானம் பேச மறந்து வருவார். மனுஷன் அப்படித்தான்.

பறவை இல்லாத ஜன்னலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பு மூட்டும்போது பேச வாயெடுத்து, யாருமில்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொள்வேன். இப்படியே மாதங்கள் ஓடின. காற்று திசை மாறும்போதுதான் அந்தப் பாய்மரக் கப்பல்கள் திரும்பி வரும். ஒரு நாள் இவர் வந்து, அந்த மாலுமி மறுபடி துறைமுகத்தில் இருப்பதாகச் சொன்னார். நான் துள்ளி எழுந்தேன்.

"அவரக் கூட்டிட்டு வாங்க. கொடுத்தவரு வாயால சொல்லட்டும், யாருக்குக் கொடுத்தேன்னு. அதுக்கு மேல அந்தம்மா என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மறுநாள் அவரை ரயிலிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் ஒரு துணி கட்டியிருந்தார். மலாய் பேசினார். பாலித் தீவின் மேற்குக் கரையைச் சேர்ந்தவராம். எங்கள் வீட்டு அஞ்சடியில், அதுதான் முன்நடையில், பாய் போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அக்காவும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தோற்க வந்தவள் போல் அவள் இல்லை. பறவையைக் குளிப்பாட்டி, கூண்டுக்குச் சிவப்புத் துணி கட்டி, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது போலக் கொண்டுவந்திருந்தாள்.

மாலுமி கூண்டைப் பார்த்ததும் உதட்டைக் குவித்து ஒரு சீழ்க்கை அடித்தார். அவ்வளவுதான். பறவை குச்சியிலிருந்து குச்சிக்குத் தாவியது. கொண்டை விசிறி போல எழுந்தது. குனிந்து நிமிர்ந்தது, குனிந்து நிமிர்ந்தது. அவரைப் பார்த்து ஒருமுறை, தெருவைப் பார்த்து ஒருமுறை, எங்களைப் பார்த்து ஒருமுறை.

"பாத்தீங்களா? எனக்கு மட்டும்தான் இப்படிக் கும்பிடும்" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா? எனக்குத்தான் மொதல்லேருந்து கும்பிடுது" என்றேன். நேராக முகம் பார்த்து நாங்கள் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

இவர் சிரித்துக்கொண்டே எங்கள் சண்டையை மாலுமிக்கு மலாயில் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். இவர் ஒவ்வொன்றாக எங்களுக்குச் சொன்னார்.

"இந்தப் பறவ அவங்க தீவுல மட்டும்தான் இருக்காம். அதுலயும் மேற்கு ஓரத்துல, கடலு பக்கத்துக் காட்டுல மட்டும். எதுத்தாப்புல ஜாவா கரை கண்ணுக்குத் தெரியுமாம். ஆனா அங்க ஒண்ணு கூடக் கெடையாதாம். அவரு சின்னப் புள்ளையா இருந்தப்போ மரத்துக்கு மரம் இருக்குமாம். இப்போ வெள்ளக்காரங்க ஆச ஆசயா கேக்குறாங்களாம். இவங்களும் புடிச்சுப் புடிச்சு விக்கிறாங்க. தேடிக்கிட்டு உள்ள நடக்க வேண்டியிருக்காம்."

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். கும்பிடுறது யாருக்குன்னு கேளுங்க" என்றேன் நான்.

இவர் கேட்டார். மாலுமி தயங்கினார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். இவர் அதை எங்களுக்குச் சொன்னார்.

"சோடி சேந்து இருக்கும்போது ஒண்ணுக்கொண்ணு அப்படித்தான் பண்ணுமாம். கொண்டைய நிமித்தி, குனிஞ்சு நிமிந்து. இங்க அதுங்க எனம் வேற யாரும் இல்லயே. அதான் நம்மளப் பாத்துப் பண்ணுதாம்."

பறவை மட்டும் இன்னும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அது எங்களைப் பார்த்து, நீயா, நீயா என்று கேட்டிருக்கிறது. நாங்கள் அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தோம். பாசாரில் விற்கிற கறுப்பு மைனா ஒன்றை வாங்கிச் சேர்த்து விட்டால் என்ன என்று கேட்கவும் செய்தேன். மாலுமி, சேராது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அப்புறம் அக்கா வாய் திறந்தாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நானும் கப்பல்லதான் வந்தேன். நீயும் கப்பல்லதான் வந்தே. பேசுறதுக்கு எனக்கு நீ இருக்கே, சண்ட போடவும் நீதான் இருக்கே. இதுக்கு யாருடி இருக்கா?"

சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கி மாலுமி பக்கம் தள்ளினாள். "கொண்டுபோயி அங்கேயே விட்டுடச் சொல்லுங்க. விக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னக் கேக்காம நீங்க எப்படிக் குடுக்கலாம்? அது என் பறவ" என்று கூண்டின் வளையத்தை நானும் பிடித்தேன்.

"நீ குடுக்க மாட்டியா?"

"குடுப்பேன். ஆனா நான்தான் குடுப்பேன்."

கடைசியில் ஆளுக்கொரு கை வைத்துச் சேர்ந்தே கொடுத்தோம். மாலுமி சத்தியம் செய்ய வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். கையை நீட்டி, "கைல அடிச்சு சொல்லச் சொல்லுங்க" என்றாள். அந்நியப் பெண்ணின் கையைத் தொட அவர் கூச்சப்பட்டார். அதனால் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார், அந்தக் கையில் அவர் அடித்தார். "சத்தியம் தப்புனா ஒங்களத்தான் வந்து கேப்பேன் லா" என்று அக்கா இவரை எச்சரித்தாள். பிற்பாடுதான் ஞாபகம் வந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பறவை போன பிறகு நானும் அக்காவும் பலகைச் சுவரை விட்டுவிட்டு ஒரே அடுப்படியில் உட்கார ஆரம்பித்தோம். அவள் கேட்கவும் கற்றுக்கொண்டாள், கொஞ்சம். ஆனால் எங்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். விட்டிருப்பாரா? சிங்கப்பூரில் நல்ல விலை என்கிறார்களே, விற்றிருப்பாரா? அவரே பிடித்து விற்கிறவர்தானே? ஒரு நாள் நான் நம்புவேன், அக்கா சந்தேகப்படுவாள். மறுநாள் மாற்றிக்கொள்வோம். அடுத்த காற்றுக்காக, கப்பல்காரன் பெண்டாட்டிகள் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தோம்.

கப்பல் வந்திருக்கிறது என்று சேதி கிடைத்த அன்று, இவர் வேறு லைனில் வேலைக்குப் போயிருந்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை உடுத்திக்கொண்டு, இரண்டு பேருமாக ரயிலேறினோம். புளிச்சோறு கட்டிக்கொண்டுபோனோம், கிள்ளான் வருவதற்குள் தின்று தீர்த்தோம். போர்ட் சுவெட்டன்ஹாமில் கரி மூட்டையும் மீன் நாற்றமும் தாண்டிப் போனால், படகுத்துறைப் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கப்பல் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பாசார் மலாய்தான், கத்திரிக்காய் விலை கேட்கிற மலாய். அக்காவுக்கு அதுவும் வராது. அதை வைத்துக்கொண்டு கேட்டேன். அவரும் எனக்குப் புரியும்படி, கையாலும் வாயாலும் சொன்னார். காட்டு ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தாராம். அது வெளியே வரவில்லையாம். வாசலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து நிமிர்ந்ததாம். அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டாராம். கொஞ்ச நேரத்தில் மரத்திலிருந்து ஒரு சீழ்க்கை. அவர் அடித்தது இல்லை. பறவை போய்விட்டதாம்.

அக்காவுக்குச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"போறப்போ திரும்பிப் பாத்துச்சான்னு கேளு."

கேட்டேன். அந்த மனிதர் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாங்கள் நம்பியிருப்போம், சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஊர் வந்திருப்போம். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அக்கா கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "நன்றி கெட்ட கழுத. நெய்ச்சோறு போட்டேன்டி அதுக்கு" என்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. கரி மூட்டை சுமக்கிறவர்கள் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகமில்லை.

அண்மையில் ஒரு பத்திரிகையில் அந்த வெள்ளை மைனாவின் படத்தைப் பார்த்தேன். அந்தக் காட்டில் இப்போது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சமாம். உலகத்தில் வேறு எங்கும் கிடையாதாம், கூண்டுகளில் தவிர. படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா இருந்திருந்தால் அவளிடம் படித்துக் காட்டியிருக்க மாட்டேன்.

அன்றைக்குத் துறைமுகத்திலிருந்து திரும்பி வருகிற ரயிலில் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தாள். கிள்ளான் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"நம்மள மறந்திருக்குமாடி?"

"மறந்திருக்கும்க்கா."

"மறக்கட்டும்" என்றாள். "மறந்தாத்தான் அங்க நல்லா இருக்குன்னு அர்த்தம்."